புளி போட்டுத் துலக்கிய வாள்

ஒஸ்லோவில் இரும்பைப் பார்த்துக் கண்கலங்கிய ஒரே தமிழர், நாங்கள் ‘வாளர்’ என்று பட்டம் வைத்துக் கூப்பிடுபவர்தான். நகரின் ஓரத்து அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்காரர், பேருந்து ஓட்டுநர். ஒரு கல்யாண வீட்டில், கேக் வெட்ட நின்ற மாப்பிள்ளையிடமிருந்து கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ஆலைத் தகடு” என்று துக்கத்தோடு திருப்பிக் கொடுத்தவர்.

2005 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பள்ளிக்கூடத்துப் பழம்பொருள் விற்பனையில், பனிச்சறுக்குத் தடிகளுக்கு நடுவே அந்த வளைந்த வாளைக் கண்டெடுத்தார். முழுக்கத் துரு. பிடிக்கருகில் மட்டும் பொன்னால் பதித்த ஓரிரு அரபு எழுத்து மின்னியது, மீதி துருவுக்குள். பாரசீக வாள் என்றார். இலங்கை, தென்னிந்தியப் பக்கத்து உருக்குக் கட்டிகள் கப்பலேறி அந்த நாடுகளுக்குப் போயின, அங்குள்ள கொல்லர்கள் அடித்த அலகில் நீரோட்டம்போல வரி ஓடும், அதன்மேல் செய்தவன் பெயரையோ இறைவசனத்தையோ பொன்னில் பதிப்பார்கள் என்று படிக்கட்டில் மறித்து விளக்குவார். நானும் வாசித்திருக்கிறேன், சரியான தகவல்தான். ஆனால் அந்தத் துருவை யாரும் நம்பவில்லை. “உது புல்லு வெட்டின சாமான்” என்றார்கள்.

ஐந்து மாதம் கடிதம் எழுதியபின், அருங்காட்சியக நிபுணர் ஒருவர் பார்க்கச் சம்மதித்தார். ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. துருவைத் தொடாமல் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதை வாளர் வீட்டில் சொல்ல மறந்துவிட்டார்.

புதன் பின்னேரம் அவரோடு நானும் போனேன். அவர் மனைவி றெஜினா அக்கா காலையிலிருந்தே வாளைக் குளியல் தொட்டியில் புளிக்கரைசலில் ஊறவைத்து, பெருநாளுக்குக் குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் தேங்காய்த் தும்பால் தேய்த்து முடித்திருந்தார்.

“உந்தக் கோலத்திலை கொண்டுபோனா என்னைத்தானே குறை சொல்லுவினம்.”

அலகெங்கும் நீரோட்டம் தெளிவாக எழுந்திருந்தது. துருவோடு சேர்ந்து பொன்னெழுத்துப் போயிருந்தது. தொட்டியின் துவாரத்தருகே ஒரு மினுக்கம் மட்டும். வாளர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அக்காவின் விரல்களைப் பார்த்துக் கேட்டார்: “கை எரியேல்லையே?”

மறுநாள் அருங்காட்சியகத்துக்கும் நான் கூடப் போனேன். நிபுணர் உருக்கு அசல் என்றார். எழுத்து இருந்திருந்தால் செய்தவன் பெயரே கிடைத்திருக்கலாம், யார் இதைத் துலக்கியது என்று கேட்டார். நான்தான் என்றார் வாளர், நொர்வேஜிய மொழியில். மூளையில்லாத வேலை என்று நிபுணர் சொன்னதற்கும் தலையாட்டினார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்கா, “என்னவாம்?” என்றார்.

“அசலாம். வடிவாத் துலக்கியிருக்காம்.”

எங்கள் ஆட்களின் கதைகளை நான் நாள்தோறும் எழுதிவைக்கும் குறிப்பேட்டில் அன்று ‘துலக்கியவர்: வாளர்’ என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.