பெரிய வெள்ளிக்கு வெட்டாத கேக்

மல்லேஸ்வரம்,
சனிக்கிழமை காலை.

சி. சௌ. ரக்ஷாவுக்கு சேஷகிரி மாமா செய்யும் ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம், என் ஆடிட்டர் ஆபீசைத் தவிர. அதைக் கெடுத்தவள் நீ.

பெரிய கம்பெனியில் எச்.ஆர். ஆயிற்றே என்று, என்னிடம் ஏன் ஒருத்தரும் நிலைப்பதில்லை என உன்னிடம் யோசனை கேட்டேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "இது நம்ம ஆபீஸ்னு எல்லாருக்கும் தோணணும் மாமா. அவாவா பண்டிகையை ஆபீஸ்லயே கொண்டாடுங்கோ, யாரும் போகமாட்டா" என்றாய். நேற்று பெரிய வெள்ளி. எங்கள் டீனா லிங்கராஜபுரத்துக் கிறிஸ்தவப் பெண். பாமாவும் பத்ரிநாத்தும் வேலையை விட்டுப் போனதிலிருந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் மொத்தமும் அவள் தலையில்தான். அவளும் போனால் நான் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் கேக், பலூன், கலர் தொப்பி என்று ஒரு குறையும் வைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, அவள் கையில் கத்தியைக் கொடுத்து, "ஹேப்பி குட் ஃப்ரைடே!" என்று நானே கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

"சார், இன்னிக்கு ஏசு செத்த நாள் சார். நான் ஒருசந்தி, காலைலேர்ந்து வெறும் தண்ணிதான். இதே மூணு மணிக்குக் கோயிலுக்குப் போகத்தானே பர்மிஷன் கேட்டேன், முடியாதுன்னுட்டீங்களே?" என்றாள்.

ஆமாம், சொன்னேன்! மார்ச் கணக்கு மலையாட்டம் கிடக்கறது, எப்படிடீ அனுப்பறது? கொண்டாடச் சொன்னியே, லீவு குடுன்னு சொன்னியா நீ? துக்க நாள்னு ஒண்ணு இருக்குன்னு வாயைத் திறந்தியா? டைப் அடிக்கற ராம்கி, தலையில தொப்பியோட, "உங்க வீட்டு திதிக்கு நாங்க பலூன் கட்டினா ஒத்துப்பீங்களா சார்?"ங்கறான். மானம் போச்சு. டீனா கத்தியைக் கீழே வச்சுட்டு, பையை எடுத்துண்டு போயிட்டா. இன்னிக்கு நாற்காலி காலி, போனையும் எடுக்கல. இந்த லட்சணத்துல உனக்கு அங்க சம்பளம் வேற! இனிமே எனக்குப் போன் பண்ணாதே. ஆத்துப் பக்கமும் வராதே.

அம்மாவை முட்டிவலிக்கு டாக்டரிடம் காட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு.

கோபம் ஆறாத,
சேஷகிரி மாமா

பி.கு.: கவரை ஒட்டும்போது டீனா வந்து நிற்கிறாள். காலையில் கோயிலை அலங்கரிக்கப் போயிருந்தாளாம். "தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். "கேக் தப்பில்ல சார், நாள்தான் தப்பு. நாளைக்கு ஈஸ்டர், ஆபீஸ்ல எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். உங்களுக்கு வெஜ் தனியாப் பண்றேன். அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கு லீவுன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க." சொல்லிவிட்டேன்.

மேலே எழுதியதைப் படிக்காதே. ராம்கி ஸ்கூட்டரிலேயே இதைக் கொண்டுவருகிறான். டீனா வீட்டுக்குக் கொண்டுபோக வேறு கேக் சொல்லியிருக்கிறேன், அதன் மேல் என்ன எழுதவேண்டும் என்று பேக்கரிக்காரன் கேட்கிறான். நாளைக்குச் சந்தோஷப்படலாமா, கூடாதா? உடனே போன் பண்ணு.