அனைவரும் வருக என்று போட்ட பிளெக்ஸ்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். கட்டிய வீட்டைப் பிளெக்ஸ் அடித்துத் தெரு முக்கில் வைத்துப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்தப் புத்தி.

சில வருடங்களுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் என்றாலும் வேலை துறைமுகத்தில், ஒரு சரக்கு ஏஜென்சியில். கப்பல் வருகிற ஊரில் வாடகைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும், வீட்டைப் புதுப்பித்து மேலே மாடியும் எடுத்துவிட்டால் காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று என் மனைவி எஸ்தரிடம் பொருளாதாரம் பேசினேன். உடன்குடிப் பக்கம் அவள் அப்பா கொடுத்திருந்த பனைவிளையை (பனந்தோப்பை எங்கள் பக்கம் விளை என்போம்) விற்றுத்தான் வாங்கினோம். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"வெளையை விக்கது பெருசில்ல. அதுக்குப் பதிலா உருப்படியா ஒண்ணு நிக்கணும்" என்றாள்.

நிற்கும் என்று மார்தட்டிச் சொன்னேன்.

மாநகராட்சியில் வரைபடம் கொடுத்து, கீழ்வீட்டுக்கும் அதன்மேல் ஒரு மாடிக்கும் முறையாக அனுமதி வாங்கினோம். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது. மாடிக்குக் கான்கிரீட் போட்டு முடித்ததும் காண்ட்ராக்டர் செல்லையா அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"செங்கல்லும் மணலும் மிச்சம் கெடக்கு. மேல ரெண்டு ரூம் ஏத்திருவமா?"

"பெர்மிஷன் இல்லையே அண்ணாச்சி."

"அதெல்லாம் யாரு பாக்கா? கெட்டி முடிச்சிட்டுப் பாத்துக்கிடலாம்."

"பிளான்ல இல்லாததை எதுக்குக் கெட்டுதிய? ஒரு வார்த்த கேட்டுட்டுக் கெட்டுனா என்ன?" என்றாள் எஸ்தர். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.) மிச்சச் செங்கல்லைத் தீர்ப்பதற்காக ஆரம்பித்த அறைகளுக்கு லாரி லாரியாகப் புதுச் செங்கல் இறங்கியது.

மேல்தளம் எழும்பிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஒரு கப்பல் கம்பெனி, தன் ஆட்கள் தங்க அந்தத் தளத்தை எடுத்துக்கொள்கிறோம், வீடு திறக்கிற அன்றைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நேரே பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த பனிமலை. ஒரு பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட நான். மூலையில் ரேஷன் கார்டு போட்டோவில் இருந்த எஸ்தர். மேலே கொட்டை எழுத்தில், 'விண்ணை முட்டும் மூன்றடுக்கு மாளிகை திறப்பு விழா. அனைவரும் வருக.' அதைத் தெரு முக்கில் கரண்ட் கம்பத்தோடு சேர்த்துக் கட்டச் செய்தேன். பிளெக்ஸ் வைக்கவும் அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் மட்டும் கேட்டிருக்கப் போகிறேனாக்கும்.)

திறப்பன்று பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் பையோடு ஒருவர் வாசலில் அடக்கமாக நின்றிருந்தார். கப்பல் கம்பெனி ஆள் வந்துவிட்டார் என்று எனக்குள் ஒரே குதியாட்டம். ஆமென் சொன்ன கையோடு ஓடிப்போய் மக்ரூன் தட்டை நீட்டி, அவரை நேரே மேல்தளத்துக்கு அழைத்துப் போனேன். எஸ்தரும் பின்னாலேயே வந்தாள்.

"இங்கன நின்னு பாருங்க சார். ஹார்பர் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. காத்தும் நல்லா வருது. இந்த மாடி பிளான்ல இருக்கா சார்?"

ஆள் என் சாமர்த்தியத்தை ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"பிளான்ல ரெண்டு தளந்தான் சார். இது நானா ஏத்துனது. தெரு குறுகல்லா, கேட்டாலும் தரமாட்டாவ. அதான் கேக்கவே இல்ல."

எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரு, பேசிட்டிருக்கேம்லா" என்றேன்.

அவர் மக்ரூனைப் பொறுமையாகத் தின்று முடித்து, கையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"நான் மாநகராட்சியில இருந்து வாரேன் சார். முக்குல பிளெக்ஸக் கழட்டத்தான் வந்தோம். மூணடுக்குன்னு போட்டிருந்துச்சு. இந்தத் தெருவுல மூணுக்கு அனுமதி குடுத்த ஞாபகமே இல்லியேன்னு பாத்தேன். அனைவரும் வருகன்னு வேற போட்டிருந்தியளா, வந்துட்டோம்."

கீழே அவருடைய ஆள் என்னையும் பனிமலையையும் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். போகும்போது, "இத நீங்களே வெச்சுக்கிடுங்க" என்று வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள்.

நோட்டீஸ் வந்தது. தெரு அகலம் போதாததால் மேல்தளத்துக்கு இனிமேலும் அனுமதி கிடைக்காது. அதை இடிக்காதவரை மொத்த வீட்டுக்குமே பணி நிறைவுச் சான்று இல்லை. அப்போதிருந்த விதிப்படி, சான்று இல்லாமல் முதல் மாடிக்குக் கரண்ட் இணைப்பும் இல்லை. கப்பல் கம்பெனி போனிலேயே கும்பிடு போட்டுவிட்டது. பேராசைப்பட்டு ஏற்றிய ஒரு மாடி, ஒழுங்காகக் கட்டிய மாடியையும் இருட்டில் உட்கார்த்திவிட்டது.

அன்று சாயங்காலம் எஸ்தர் மேல்தளத்து ஜன்னலோரம் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கப்பா வெளைய வித்து ஆகாசத்துல கெட்டிட்டியளே" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அனுமதி வாங்கிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு, மேல்தளத்தை இடித்துவிடுகிறோம் என்று எழுதிக்கொடுக்க மாநகராட்சிக்கு அவளே போனாள். (என் வாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னதால் நான் வாசலோடு நின்றுகொண்டேன்.) இடித்தது அதே செல்லையா அண்ணாச்சிதான். கட்டும்போது பத்து மணிக்கு ஆடி அசைந்து வந்த ஆட்கள், இடிக்க விடிவதற்குள் வந்து நின்றார்கள். சான்று வந்தது, கரண்ட் வந்தது, முதல் மாடிக்கு ஒரு நர்ஸ் குடும்பமும் வந்தது. எஸ்தர் கேட்டபடி உருப்படியாக ஒன்று நிற்கத்தான் செய்கிறது.

மேல்தளம் இருந்த இடத்தில் இப்போது மொட்டை மாடி. வெயில் நாட்களில் அங்கே அந்தப் பிளெக்ஸை விரித்து எஸ்தர் வத்தல் காயப்போடுவாள். என் கூலிங் கிளாஸ் மேல்தான் முதல் ஈடு விழும். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இன்றைக்கும் வேண்டுமென்றே அண்ணாந்து பார்த்துவிட்டு, "மூணடுக்குன்னு போட்டிருந்தியளே, மூணாவது அடுக்க எங்க?" என்று கேட்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் சொல்லிவிடுவாள்.

"மழ வாரமாரி இருந்துச்சு. மடிச்சுப் பரண்ல வெச்சிருக்கேன்."