ஒரு புகார் தேவை

புகார்ப் பெட்டியைக் கவிழ்த்து உதறியதில் ஒரு பல்லி விழுந்து ஓடியது. வேறொன்றும் விழவில்லை. குடைத் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் மேடத்துக்கு அப்படியொரு நிம்மதி. வெள்ளிக்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று போன மாதமே கடிதம் வந்திருந்தது. அவர் ஒரே ஒரு குறை எழுதினாலும் மேடம் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். முன்பு அந்த நாற்காலியில் இருந்தவரை அப்படித்தான் அனுப்பினார்.

எதிரே ஸ்டோர்க்காரர் நின்றிருந்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் பசை என்று பெயர். லீவு கேட்பதற்காக எழுந்து வந்திருந்தார். மனைவி கடலையே பார்த்ததில்லையாம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் போதுமாம்.

"அதிகாரி வர்ற நேரத்துல லீவா? பிடி எங்க, கம்பி எங்கன்னு கேட்டா நானா எடுத்துக் குடுப்பேன்?" என்றார் மேடம். போன வருஷமும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

பசை கோபித்துக்கொள்ளவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"பெட்டி காலியா இருந்தா அதிகாரிக்குச் சந்தேகம் வராதா மேடம்? இத்தனை பேர் வேலை செய்யற இடத்துல ஒரு புகார்கூட இல்லேன்னா, மிரட்டி வெச்சிருக்கோம்னுதானே நினைப்பாரு?"

மேடம் காலிப் பெட்டியை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

உடனே புகார் தேடிக் கிளம்பினார். தையல் பிரிவில் ஒருத்தி பக்கத்து மெஷின்காரி மேல் தருகிறேன் என்றாள். பக்கத்து மெஷின்காரி அவளுக்கு நாத்தனார். வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அரை மணியில் பின்வாங்கிவிட்டாள். கம்பி வளைக்கும் பிரிவில் அத்தனை பேரும் தயார்தான், ஆனால் எல்லோருக்கும் முதலாளி மேல்தான் புகாராம். மேடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வேறு வழியில்லாமல் பசையிடமே போனார்.

"நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. யார் மனசும் நோகக் கூடாது, அவ்வளவுதான்."

பசை சாயங்காலமே எழுதி, பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். மேடம் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் பதிவு செய்து முத்திரை குத்தினார். பிறகுதான் படித்தார். புகார் கொடுப்பவர் ஸ்டோர்க்காரர். யார் மேல் என்ற இடத்திலும் ஸ்டோர்க்காரர். "இவர் என்னை நேரத்துக்குச் சாப்பிட விடுவதில்லை. காய்ச்சல் என்றாலும் வேலைக்கு இழுத்து வருகிறார். கணக்கு தவறினால் மடையா என்று திட்டுகிறார். வெளியூர் போக ஆசைப்பட்டால் வாயை மூடு என்கிறார்."

மேடம் ஸ்டோருக்கு ஓடினார். "என்னங்க இது?"

"யார் மனசும் நோகக் கூடாதுன்னீங்களே மேடம்."

முத்திரை குத்தியாயிற்று, கிழிக்க முடியாது. மேடம் விதிப் புத்தகத்தை எடுத்தார். அவரே மெனக்கெட்டு எழுதியது. அச்சடித்து வந்த நாளிலிருந்து யாரும் சீண்டாததால் கட்டுக்கட்டாக ஸ்டோரில், பசையின் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தது. புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது என்றது புத்தகம். மேடம் புகார் கொடுத்தவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார். ஸ்டோரில் ஆளில்லை. சரி, புகாருக்கு ஆளானவர் ஸ்டோருக்கு வரட்டும் என்றார். பேக்கிங்கில் ஆளில்லை. அன்று முழுக்கப் பசை இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். அவருக்குக் கால் இருப்பதே அன்றுதான் தெரிந்தது என்று கம்பிப் பிரிவில் சிரித்தார்கள்.

அடுத்தது விசாரணை. இருவரும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பதால் மேடம் கறுப்புக் குடைத்துணியில் திரை கட்டினார். துணைக்குத் தையல் பிரிவு அக்காவை உட்கார வைத்தார். பசை திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா தண்ணீர் கொடுத்தார். பசை எழுந்து அந்தப் பக்கம் போனார்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் மேடம்.

"அவர் சொல்றது அத்தனையும் உண்மை மேடம். நான் அவரை மனுஷனாவே நடத்தல."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா? அவரைப் போய் இப்படிப் பண்ணிருக்கீங்களே" என்று திரைக்கு அந்தப் பக்கம் பார்த்துத் திட்டித் தீர்த்தார். குடித்து மீதி வைத்த தண்ணீரை அந்தப் பக்கம் நகர்த்தக்கூட விடவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டவரைச் சம்பளத்தோடு ஒரு வாரம் இடைநீக்கம் செய்ய வேண்டும் என்றது புத்தகம். புகார் கொடுத்தவருக்கு மனம் தேற ஒரு வாரம் லீவு தர வேண்டும் என்றது அடுத்த பக்கம். தராவிட்டால் அதிகாரி எழுதுவார். மேடம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பசை ஒன்றைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார், இன்னொன்றை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தபோது மேடம் ஸ்டோரில் கழுத்து நிறையக் குடைப்பிடிகளை மாட்டிக்கொண்டு, கம்பி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். புகாருக்கு ஆளானவர் எங்கே என்று கேட்டார் அதிகாரி. இடைநீக்கம். புகார் கொடுத்தவர்? லீவு. அதிகாரி கோப்பை இரண்டு முறை படித்தார். என் சர்வீஸில் இப்படியொரு விசாரணையைப் பார்த்ததே இல்லை என்றார். அது நிஜம்தான். குறை எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

முதலாளி போனில் பாராட்டினார். வேலை பிழைத்தது. மேடம் வாசலுக்கு வந்து வாட்ச்மேன் பக்கத்தில் நின்று மூச்சு விட்டார். கண் கலங்கியிருந்தது.

"பாவம் அந்தப் பசை. எனக்காகத் தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டாரு. திரும்பி வந்ததும் முதல் வேலையா அவர் கேட்ட கடல் லீவைக் குடுத்துடணும்."

"அங்கதான் போயிருக்காங்க மேடம்" என்றார் வாட்ச்மேன். "போன மாசமே டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாரு. லீவு குடுத்துட்டாங்களான்னு கேட்டேன். 'இன்னும் இல்ல, மேடம் என்கிட்ட வந்து ஒரு புகார் கேப்பாங்க, அப்புறம் ரெண்டு லீவா கிடைக்கும்'னாரு."