சம்பந்தியின் பல்லும் என் காலிஃபிளவரும்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. உங்கள் அக்காவின் வலது மணிக்கட்டைத் தவிர நாங்கள் எல்லோரும் இங்கே நலம். நீங்களும் தங்கையும் குழந்தைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்க்காரர்களின் பற்களில் மட்டும் சின்னச் சின்னக் குறைகள் வந்து, உங்கள் கிளினிக்கில் உட்கார இடமில்லாமல் போகட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இது புகார்க் கடிதமா நன்றிக் கடிதமா என்பது எழுதி முடித்த பிறகுதான் எனக்கே தெரியும். நம் பெண் விரும்புகிற பையனின் அப்பாவும் அம்மாவும் போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அந்த அம்மா வண்டி ஓட்டும் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கிற அதிகாரி. ஆளை ஒருமுறை பார்த்ததுமே பாஸா ஃபெயிலா என்று மனதுக்குள் எழுதிவிடுவார் என்று பெண் எங்களை முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். பையனின் அப்பா தையற்கடைக்காரர். காலமெல்லாம் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை செய்ததில் பேச்சு மறந்துபோனவர். அந்த அம்மாவுக்கு இறைச்சி ஆகாது, எண்ணெயில் பொரித்ததை டாக்டர் தடுத்திருக்கிறார். இதையெல்லாம் யோசித்து உங்கள் அக்கா என்ன சமைப்பது என்று திட்டம் போட்டு முடித்த அன்றைக்குத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். கடையில் வாங்கிவிடலாமே என்றேன். முதல்முதலாக வருகிறவர்களுக்கு டப்பாவைப் பிரித்துக் கொட்டுகிற குடும்பம் என்று பெயரெடுக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். மற்றதையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகப் பெண் சொன்னாள். மேசை நடுவில் வைக்க ஒரு பதார்த்தம் மட்டும் என் தலையில் விழுந்தது.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் வாங்கித் தந்த ஓவன் சும்மாதானே கிடக்கிறது, காலிஃபிளவரை அதில் வறுத்து, தேனும் மிளகாயும் பூண்டும் சோயா சாஸும் சேர்த்துப் பாகு காய்ச்சி மேலே புரட்டிவிடுங்கள், குழந்தைகூடச் செய்யும் என்றீர்கள். மச்சான், நீங்கள் பல் வைத்தியர். தொழில் விருத்திக்காகத்தான் இந்தக் குறிப்பைத் தந்தீர்களோ என்று இப்போது எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூவை வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைத்தேன். உள்ளிருந்து ஒரு பச்சைப் புழு வெளியே வந்து, காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரைக் குடித்தனக்காரர் பார்க்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தது. அதை மரியாதையாக ஜன்னல் தொட்டிச் செடியில் குடியேற்றினேன். சின்னச் சின்னப் பூவாக உடைக்கச் சொன்னால் எனக்கு என்ன தெரியும்? வெட்டுகிற வேகத்தில் சமையலறை முழுக்க வெள்ளைத் தூள். துளி ஈரமில்லாமல் துடைக்கச் சொன்னீர்களே, துண்டால் துடைத்துப் பார்த்தேன், பொறுமை போய்விட்டது, பெண்ணின் தலைமுடி உலர்த்துகிற கருவியை எடுத்து வந்து ஒவ்வொரு பூவுக்கும் காற்றுப் பிடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த உங்கள் அக்கா, "அப்படியே தல வாரிப் பின்னியும் விட்டுடுங்க" என்றாள்.

ஆனாலும் சொல்ல வேண்டும், ஓவன் என் மானத்தைக் காப்பாற்றியது. காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு ஒரு திருகும் இரண்டு பொத்தானும் எம்மாத்திரம்? பாதியில் தட்டை வெளியே இழுத்துப் பூக்களைப் புரட்டிப் போட்டு, திரும்ப உள்ளே தள்ளினேன். ஓரமெல்லாம் பொன்னிறம், நுனியில் மட்டும் லேசான கருப்பு, வாசனை மாடிப்படி வரை போனது. அடுத்து பாகு. கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வந்ததும் உடனே இறக்க வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். பாகு கொதிக்க ஆரம்பித்தது. பெண் உள்ளறையில் அவள் அம்மாவின் மாவுக்கட்டுக் கையைச் சட்டைக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே தடதடவென்று இரும்பைத் தட்டுகிற சத்தம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருப்பது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓய்வு பெற்றாலும் கை ஓயவில்லை மச்சான். லிஃப்ட் சாவி இன்னமும் என் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது. ஓடினேன். மேலே மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து, இறங்கி வந்து கதவைப் பிளந்தேன். உள்ளே அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், பின்னால் தையற்காரர். நான் உங்கள் அக்காவின் பூப்போட்ட ஏப்ரன் கட்டியிருந்தேன், இரண்டு கையும் மிளகாய்த்தூளில் சிவந்திருந்தன.

"நீங்க யாரு?" என்றார்.

"பொண்ணோட அப்பா. உள்ள வாங்க" என்றேன்.

என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். மனதுக்குள் ஃபெயில் என்று எழுதுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்போதுதான் கருகல் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் பாகு கரண்டியில் ஒட்டுகிற பதமெல்லாம் தாண்டி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற பதத்தில் இருக்கிறது. புதிதாகக் காய்ச்சத் தேனும் இல்லை, நேரமும் இல்லை. இருந்ததை அப்படியே பூக்களின் மேல் கவிழ்த்தேன். நான் அவ்வளவு பாடுபட்டு உடைத்த பூக்களெல்லாம் கண்ணெதிரே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணாடி பூசின மாதிரி இறுகி, மறுபடி ஒரே காலிஃபிளவராகிவிட்டன.

அதைத்தான் மேசை நடுவில் வைத்தோம். பெண் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் இருந்த தொங்கட்டான் நடுங்கியது. சின்ன வயதில்கூட எதற்கும் பயப்படாத பெண். தையற்காரர் கத்தியால் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து வாயில் போட்டார். மென்றார். தாடை நின்றுவிட்டது. அப்புறம் கடக்கென்று ஒரு சத்தம். வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த கேப்.

அவர் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டைப் பெயர்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "கல்யாணமான நாள்லேருந்து நான் சமைச்ச எதையும் இவரு இப்படிச் சொன்னதில்ல" என்று உங்கள் அக்காவிடம் சொன்னவர், கோபிக்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. அதன் பிறகு சுத்தியலை நானே கொண்டுவந்தேன், எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தட்டி உடைத்துச் சாப்பிட்டோம், பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. உள்ளே பூ மெத்தென்று, மேலே முதலில் தித்திப்பு, அப்புறம் காரம். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா, பிள்ளைகளுக்குச் சம்மதம் என்றால் எங்களுக்கும் சம்மதம், வருகிற ஞாயிறு வந்து தேதி பேசிவிடலாம் என்றார். லிஃப்டில் ஏறவில்லை, படியில் இறங்கிப் போனார்கள்.

ஆகவே மச்சான், நீங்கள் ஞாயிறன்று அவசியம் வர வேண்டும். தாய்மாமன் இல்லாமல் தேதி பேசுவது அழகல்ல. வரும்போது சம்பந்தியின் கேப்பைத் திரும்ப ஒட்டுவதற்கு வேண்டியதைக் கையோடு எடுத்து வாருங்கள். எங்கள் பாகு தாங்கும், ஆனால் மருத்துவ முறைப்படி இருக்கட்டும். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் பல்லும் சொல்லும் கெடாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பெண் வேலையிலிருந்து வந்தாள். அவளும் பையனும் நன்றாகப் பேசி, கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். "சண்டையெல்லாம் இல்லப்பா. சிநேகிதமா இருக்கத்தான் எங்களுக்கு வருது" என்றாள். அழுகிறாளா என்று உங்கள் அக்கா கதவோரம் நின்று காது கொடுத்தாள். உள்ளே போனில் யாரிடமோ அரட்டையடிக்கிற சத்தம்தான் கேட்டது, எங்களுக்கும் உயிர் வந்தது. சரி, ஞாயிறு சந்திப்பு இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர், "அது அவங்க விஷயம். நாங்க வர்றதுல என்ன மாத்தம்? இவரு மறுபக்கத்துப் பல்லால மென்னுக்கிறேங்கிறாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே நீங்கள் வருவதிலும் மாற்றமில்லை. ஒன்று மட்டும் யோசித்து வாருங்கள்: சம்பந்தமே இல்லாத இந்தச் சம்பந்தியை நான் இனிமேல் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?