எரியாத நூலும் அக்கினிமணிச் சாமியும்

1957ஆம் ஆண்டு தீபாவளிச் சீசன். பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எம். புதுப்பட்டியில் அணுகுண்டு வெடியைவிடச் சத்தமாக வெடித்தது ஒரு செய்தி. அக்கினிமணிச் சாமி வந்துவிட்டார்! அவர் தரும் சிவப்பு மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் வெடிமருந்துகூட ஆளைத் தொடாதாம். வெம்பக்கோட்டையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளிகள். பயம் எங்கே இருக்கிறதோ, அங்கே கடை விரிப்பதுதானே சாமிகளின் தொழில்!

சந்தைத் திடலில் சாமி முழங்கினார்.

“மணின்னா ரத்தினம்! மணின்னா கோயில் மணி! மணின்னா நேரம்! நெல்லும் மணி, கண்ணுக்குள்ள இருக்கிறதும் மணி! ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் ஏன்? அம்புட்டும் சக்தி!”

படி என்ற சொல்லுக்கும்தான் அத்தனை அர்த்தம் இருக்கிறது. அதற்காக யாராவது வாசற்படியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறார்களா?

சாமி விடவில்லை. “வெள்ளைக்காரன் மணிய ‘பீட்’னு சொல்றான். ஆதியில அந்தச் சொல்லுக்கு ஜெபம்னு அர்த்தம். வேணும்னா வாத்தியாரைக் கேளுங்க!”

கூட்டம் மிஷன் பள்ளி ஆசிரியர் ராஜசிங்கைத் திரும்பிப் பார்த்தது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“அது உண்மைதான். ஆனா...”

அந்த ‘ஆனா’வை யார் கேட்டார்கள்? சாமி ஒரு மணிமாலையை எடுத்துக் கர்ப்பூரச் சுடரில் பிடித்தார். நூல் கறுத்தது, எரியவில்லை! “அரோகரா!” என்று கூட்டம் காலில் விழுந்தது. ஒரு வாரக் கூலியைக் கொடுத்து மணி வாங்கியவர்களில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் சங்கிலிமுத்துவும் ஒருவன்.

மறுநாள் மதியம் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனாள் அவன் மனைவி சண்முகத்தாய். அதே கம்பெனியில் பட்டாசுக்குத் திரி சுற்றுகிறவள். மருந்தறையை எட்டிப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்க வேண்டிய மருந்தை அவன் ஒரேயடியாகக் கொட்டி வைத்திருந்தான். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது.

“என்னங்க இது? தொட்டியில சொட்டுத் தண்ணியில்ல!”

“எதுக்குட்டி தண்ணி? கழுத்துல அக்கினிமணி கிடக்குல்லா!”

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். கஞ்சி கொட்டியது, அவள் அதைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் நேரே ராஜசிங் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“சார், நீக ‘உண்மைதான்’னு சொன்னதாலதான் எம்புருசன் சாகப் பாக்காரு.”

அவர் பதறி எழுந்து வந்தார். “என்னைச் சொல்லி முடிக்க விட்டாத்தானம்மா? ‘பீட்’ங்கிற சொல்லுக்கு ஆதியில ஜெபம்னுதான் அர்த்தம். எத்தனை ஜெபம் சொன்னோம்னு எண்ண மணிய உருட்டினாங்க. உருட்டி உருட்டி, ஜெபத்தோட பேரு உருண்டைக்கு ஒட்டிக்கிருச்சு. ஒட்டினது பேரு மட்டுந்தான். எம்பேர்லகூட ராஜாவும் சிங்கமும் இருக்கு. தெருநாயைக் கண்டா நான் ஓடுறேன்!”

சண்முகத்தாய் சிரித்தாள். பிறகு யோசித்தாள். “அப்ப அந்த நூலு ஏன் சார் எரியல?”

“அதுதான் எனக்கும் தெரியல.”

நூலைப் பற்றித் திரி சுற்றுகிறவளுக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம் கூடியது. சண்முகத்தாய் புருசன் கழுத்து மாலையை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“சாமி, சக்தி மணியிலயா, நூலிலயா?”

“மணியிலதாம்மா! இதென்ன கேள்வி?”

அவள் மணிகளை உருவினாள். மடியிலிருந்த, மருந்து படாத திரி நூலில் அவற்றைக் கோத்துக் கர்ப்பூரத்தில் காட்டினாள். குப்பென்று பிடித்தது. மணிகள் தரையில் உருண்டு ஓடின. பிறகு சாமி கொடுத்த வெறும் நூலைக் காட்டினாள். கறுத்தது, எரியவில்லை!

அவள் அந்த நூலின் கருகாத முனையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

“துவர்க்குது! சவரக் கடையில தடவுற படிகாரம்! படிகாரத் தண்ணியில நூலை ஊறப்போட்டு ஏமாத்தியிருக்கான்!”

சாமியின் திருநீறு வேர்வையில் வழிந்தது. “நம்பிக்கை இல்லாதவ கொளுத்தினா மாலை எரியத்தான் செய்யும்!”

“மருந்துக்கு நம்புறவன், நம்பாதவன்லாம் தெரியாது சாமி. நாங்க தினம் அதுகூடத்தான் கிடக்கோம்.”

முதலில் மாலையைக் கழற்றி வீசியவன் சங்கிலிமுத்து. அடுத்து நூறு மாலைகள் பறந்தன. சாமி ஓடிய வேகத்தில் வேட்டி ஒரு பக்கம், சடாமுடி ஒரு பக்கம். அந்தச் சடாமுடியும் கடையில் வாங்கியதுதான்!

திங்கட்கிழமை காலையில் சங்கிலிமுத்து பத்துக் குடம் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பினான். பிறகுதான் மருந்தில் கை வைத்தான்.

ஐயா, அம்மா! கழுத்தில் எதையாவது கட்டுமுன், கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்திப் பாருங்கள். நிச்சயம் தேய்ந்து போகாது!