மொரப்பூர் பிளாட்பாரத்துல பன்னிரண்டாவது எபிசோடு

இன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய் எங்க அக்காகிட்ட ஒரு ஃபைலைக் கொடுக்கணும். அவ்ளோதான்.

அக்கா சேலத்துல இருக்கா. நாளைக்குக் காலையில சென்னையில அவளுக்கு சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன். மூணு தடவை பரீட்சை எழுதி, இப்பதான் கவர்ன்மென்ட் வேலை லிஸ்ட்ல பேரு வந்திருக்கு. ஒரிஜினல் எல்லாம் எங்க வூட்டு பீரோவுல.

"வண்டி மொரப்பூர்ல ரெண்டு நிமிசம் நிக்கும். டி4 பொட்டி கதவுகிட்ட நிப்பேன். குடுத்துட்டு நீ போயிட்டே இரு"ன்னா.

எங்க பக்கம் இதெல்லாம் சகஜம். ரயில்ல போற சொந்தக்காரங்களுக்கு ஜன்னல் வழியா புளி கொடுத்திருக்கோம், ஊறுகாய் கொடுத்திருக்கோம், ஒரு தடவை உயிரோட ஒரு சேவலே கொடுத்திருக்கோம். ஃபைலெல்லாம் எம்மாத்திரம்!

பிரச்சனை என்னன்னா, இந்தப் பக்கத்தைப் படிக்கற உங்களுக்கும் ஒரு வாக்கு கொடுத்திருந்தேன். அந்த ஜாம்பி அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடருக்கு பலம் மூணு, பலவீனம் மூணுன்னு இன்னைக்கு விமர்சனம் போடறேன்னு. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்களும் பாப்பீங்க.

ஸ்டேஷனுக்குப் போனா வண்டி முக்கால் மணி நேரம் லேட். எனக்கு ஒரே சந்தோசம். கடைசி ரெண்டு எபிசோடு பாக்கி இருந்துச்சு. பெஞ்சுல உக்காந்து, இயர்போனை மாட்டி, போனைத் தொறந்தேன்.

பக்கத்துல சித்தேரி மலையில இருந்து வந்த ஒரு அம்மா. அவங்களும் ஜன்னல் பார்ட்டிதான். பெங்களூர்ல வேலை பாக்கற மக மல்லிகா சேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு அதே வண்டியில திரும்பறா, ஜோலார்பேட்டையில எறங்கி பெங்களூருக்கு வண்டி மாறணும், அவளுக்குக் கொடுக்க சாமை கொண்டு வந்திருக்காங்க. பச்சைக் கலர் ஜவுளிக்கடை கட்டைப்பையில.

என் ஃபைலும் பச்சைக் கலர் ஜவுளிக்கடை கட்டைப்பையிலதான். தீபாவளிக்கு மாவட்டமே அந்தக் கடையிலதான் துணி எடுத்துச்சு. இப்ப மாவட்டமே அந்தப் பையோடதான் அலையுது.

அந்தம்மா என் போனை எட்டிப் பாத்தாங்க. "ஏன் தம்பி, செத்தவன் எதுக்கு எந்திரிச்சு ஓடறான்?"

நான் உற்சாகமாயிட்டேன். கதை கேக்கற ஆளு கெடைச்சா விடுவேனா? "செத்தவனெல்லாம் எந்திரிச்சு கடிக்கறானுங்கம்மா. மிச்சம் இருக்கற ஜனமெல்லாம் ஒரு பித்தளைக் கோட்டைக்குள்ள இருக்காங்க. அந்தக் கோட்டையே நீராவியில நடக்கும்."

"கோட்டை நடக்குமா?"

"நடக்கும்மா. அதுதான் முதல் பலம். ஒவ்வொரு திருகாணியும் வரைஞ்சிருக்கான் பாருங்க!"

அவங்க திருகாணியைப் பாக்கல. "இத்தனை ஆவிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

பத்து எபிசோடு பாத்திருக்கேன், எனக்கு இந்தக் கேள்வி வரல. தர்மபுரி மாவட்டத்துல பொறந்துட்டு தண்ணி எங்கன்னு கேக்காம விட்டிருக்கேன், வெக்கமா போச்சு.

"அடுப்புக்கு வெறகு யாரு பொறுக்கறா? வெளிய போனா கடிச்சுருவான்னு சொல்றீங்களே?"

"அது... அது முதல் பலவீனம்மா."

அப்புறம் கதாநாயகி. ஆரம்பத்துல தனியா நாப்பது ஜாம்பியை சாய்ப்பா. ஏழாவது எபிசோடுல மயக்கம் போட்டவ, பத்து வரைக்கும் எந்திரிக்கல.

"மூணு நாளா? வூட்டுல வேலை யாரு செய்யறா?"ன்னாங்க. ரெண்டாவது பலவீனம்னு குறிச்சுக்கிட்டேன்.

மூணாவது, வில்லன். பாதியில வந்து, ஜாம்பியை எல்லாம் மறக்கடிச்சுட்டு, அவங்கப்பா அவனை மதிக்கலைன்னு அழறான். "சொத்துத் தகராறா?"ன்னு கேட்டாங்க. நாலு எபிசோடு இழுத்த விசயம் ஒரே வார்த்தையில முடிஞ்சது.

பன்னிரண்டாவது எபிசோடு. கோட்டை மலையை முட்டப் போகுது. விசில் அடிக்குது. அடடா, என்ன சவுண்டு! ரெண்டாவது பலமே அதுதாங்க. இயர்போனுக்கு வெளிய இருந்து வர்ற மாதிரியே இருக்கு!

அந்தம்மா என் தோளைப் புடிச்சு உலுக்கினாங்க. "தம்பி, வண்டி வந்துருச்சு!"

"இல்லம்மா, அது இதுல வர்ற சவுண்டு."

"இதுல வர்றதுன்னா எம்முன்னாடி எதுக்கு நிக்குது?"

நிமிர்ந்து பாத்தா முழு ரயிலும் நிக்குது!

அலறிக்கிட்டு எந்திரிச்சேன். அந்தம்மா, "நீ ஓடறவன், எம்பையையும் குடுத்துருப்பா. மக கடைசிப் பொட்டி, செவப்பு சுடிதாரு"ன்னாங்க. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா பன்னிரண்டு எபிசோடு பாத்த வீரம் இருக்கே! ரெண்டு பையையும் தூக்கிட்டு ஓடினேன்.

கடைசிப் பொட்டி ஜன்னல்ல செவப்பு சுடிதாரு கையை நீட்டுச்சு. ஒரு பையை நீட்டினேன். திரும்பி முன்னாடி ஓடினேன். டி4 கதவுல அக்கா திட்டிக்கிட்டே நிக்கறா. வண்டி நகர ஆரம்பிச்சப்ப இன்னொரு பை அவ கைக்குப் போச்சு. ஃபைல் ஏன் இவ்ளோ கனம்னு ஒரு செகண்டு தோணுச்சு. ரெண்டு டிகிரி வாங்கினவ, கனம் இருக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன்.

ரெண்டே நிமிசம். போன் அடிச்சுது.

"டேய், பையில என்னடா இருக்கு?"

"உன் எதிர்காலம்க்கா."

"சாமை இருக்குடா!"

மல்லிகா ஜோலார்பேட்டையில எறங்கிட்டா, அக்காவோட ரெண்டு டிகிரியும் பெங்களூர் போயிரும். மூணாவது தடவை எழுதும்போது அவ சோறு எறங்காம உக்காந்திருந்தது ஞாபகம் வந்து, நெஜமாவே அழுகை வந்துருச்சு.

நான் அழுதுட்டு இருக்கறப்ப அந்தம்மா வேலையை முடிச்சுட்டாங்க. இடுப்புல இருந்து போனை எடுத்து மகளுக்கு அடிச்சாங்க. "மல்லிகா, கையில இருக்கறது நம்ம பை இல்ல. பொட்டிக்குள்ளயே நடந்து போக வழி கெடையாது, திருப்பத்தூர்ல கீழ எறங்கி பையைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு நில்லு. ஒரு பொண்ணு ஓடி வரும், மாத்திக்க. வண்டியை உட்டுறாதே." என்னைப் பாத்து, "உங்கக்காகிட்டயும் சொல்லு. அழுவறதை அப்புறம் வெச்சுக்கலாம்"னாங்க.

சொன்னேன். அடுத்த முக்கால் மணி நேரம் பிளாட்பாரத்தை நடந்தே தேய்ச்சேன். ஜாம்பி எல்லாம் ஒரு பயமே இல்லீங்க.

போன் அடிச்சுது. "மாத்திக்கிட்டோம்டா! வண்டி ஏறிட்டேன்!"

நான் குதிச்ச குதியில ஒரு நாய் எந்திரிச்சு ஓடுச்சு. அந்தம்மா கால்ல விழப் போனேன். "இருக்கட்டும் தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு கெளம்பிட்டாங்க.

நான் பைக்கை ஸ்டார்ட் பண்றேன், மறுபடியும் அக்கா போன். இந்தத் தடவை திட்டல. ரொம்ப அமைதியா பேசினா.

"தம்பி, இந்த ஃபைலைத் தொறந்து பாத்தியா?"

"இல்லக்கா. பீரோவுல இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். ஒரு கையில போன் இருந்துச்சு, எபிசோடு ஓடிக்கிட்டு..."

"மேலாப்புல இருக்கறது உன் பத்தாவது மார்க் ஷீட்டு. கணக்குல முப்பத்தஞ்சு."

இதை நான் சென்னை போற பஸ்ஸுல உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். சரியான ஃபைலு மடியில இருக்கு, நாலு தடவை தொறந்து பாத்துட்டேன். வூட்டுல இருந்து எங்கம்மா அஞ்சாவது தடவையா போன் பண்ணி, பாத்தியான்னு கேக்கறாங்க.

வாக்கு கொடுத்தபடி விமர்சனம்: மூணாவது பலம் எதுன்னு இன்னும் தெரியல, பலவீனம் மட்டும் நாலாயிருச்சு, நாலாவது அதைப் பாக்கறவன்.