தடிச் சுருட்டில் காப்பி ருசி

ஹவானாவில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் நெரெய்தா என்கிற அம்மாள் ரொபுஸ்தோ சுற்றிக்கொண்டிருந்தாள். ரொபுஸ்தோ என்றால் குட்டையும் தடியுமான சுருட்டு. நெரெய்தாவும் ஏறக்குறைய அதே அளவுதான். அவளுக்கு இரண்டே சுகங்கள். விடிந்ததும் ரேஷன் காப்பி ஒரு வாய். பத்து மணிக்கு, வேலை செய்துகொண்டே பிடிக்கட்டும் என்று தொழிற்சாலை கொடுக்கும் ரொபுஸ்தோ ஒன்று. முன்னது இல்லாவிட்டால் கண் திறக்காது. பின்னது இல்லாவிட்டால் கை ஓடாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த உலகத்தில் அமைச்சகம் ரசனைப் பிரிவு என்று ஒன்றைத் திறந்து தொலைத்தது. வெளிநாட்டுக் கனவான்கள் ஓர் இழுப்பு இழுத்துக் கண்ணை மூடி, "தேவதாரு, தோல், தேன்" என்று முனகுகிறார்களாம். சுற்றுகிறவர்களுக்கு அது தெரியாவிட்டால் நாட்டுக்கு அவமானம் இல்லையா? பிரிவின் தலைவராகத் தோழர் எவேலியோ நியமிக்கப்பட்டார். அவர் சுருட்டே பிடிக்காதவர். ஆகவே பாரபட்சம் அற்றவர்.

வேலை நேரத்தில் எல்லாருக்கும் கதை வாசித்துக் காட்டும் ஒஸ்மின், அன்று ஒரு காதல் கதையை முத்தத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு ஆணையை வாசித்தான். நுனியை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். சுழற்றிச் சுழற்றி நிதானமாகப் பற்றவைக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இறக்காமல் வாயிலேயே வைத்துச் சுவைக்க வேண்டும். சாம்பலைத் தட்டாமல் தானாக விழ விட வேண்டும். "மேற்படி முறையில் ரசித்து, மேற்படி சுவையைத் தெரிவிக்கத் தவறும் தொழிலாளிக்கு மேற்படி சுருட்டு நிறுத்தப்படும்."

வாசித்தது பிடித்திருந்தால் சுற்றுகிறவர்கள் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போட்டுவிடுவார்கள். அத்தனை கத்தியும் தரையில் விழுந்தது. எவேலியோ அதை வரவேற்பு என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்.

பரீட்சை தொடங்கியது. நெரெய்தா சொன்னபடியே வெட்டி, பற்றவைத்து, இழுத்தாள்.

"என்ன ருசி தெரியுது, தோழர்?"

"புகையிலை."

"அது இருக்கட்டும். கொஞ்சம் ரசனையோட சொல்லுங்க."

"நல்ல புகையிலை."

சுருட்டு நின்றது. அன்று அவள் சுற்றிய சுருட்டுகளெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றன. சுற்றுவது தன் கை, அனுபவிப்பது எவன் வாயோ என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுதும் விட்டாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபரீட்சைக்குப் போய் நின்றாள். தேவதாரு மரத்தை அவள் நக்கிப் பார்த்ததில்லை. தேனைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. கண்ணை மூடி, தனக்கு ரொம்பப் பிடித்ததை நினைத்துக்கொண்டு ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"காப்பி... அப்பத்தான் இறக்கின காப்பி."

எவேலியோவுக்குப் புல்லரித்துவிட்டது. "எப்படிப்பட்ட காப்பி?"

"கடலை கலக்காத காப்பி."

ரேஷன் காப்பியில் பாதி வறுகடலை என்பது தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் உயரம் புரியும். நெரெய்தா முதல் வகுப்பில் தேறினாள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வீண் வம்பு எதற்கு என்று ஆளாளுக்குக் காப்பி என்றே சொல்லித் தேறினார்கள். எவேலியோ மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், தானும் தினம் ஒன்று பிடித்துப் பார்த்துக் காப்பியை உறுதி செய்துகொண்டதாக ஒரு வரி சேர்த்தார். பத்து மணி ரொபுஸ்தோ எல்லாருக்கும் திரும்பி வந்தது.

அறிக்கை மேலே போயிற்று. மேலே போனது பக்கவாட்டில் நகர்ந்து ரேஷன் இலாகாவுக்கும் போயிற்று. அங்கே இருந்தவர்கள் நியாயமான ஆட்கள். ஒரே ஆளுக்கு அரசாங்கம் இரண்டு இடத்தில் காப்பி கொடுக்கலாமா? அதுவும் ஒன்று கடலை கலக்காதது! மறுவாரமே ஒஸ்மின் இன்னொரு முத்தத்தை நிறுத்தவேண்டி வந்தது. சுருட்டு மூலம் காப்பி பெறும் தொழிலாளர்களுக்கும், அதை உறுதி செய்த அதிகாரிக்கும், ரேஷன் காப்பி இனி கிடையாது.

கத்திகள் தரையில் விழுந்தன. எவேலியோவின் பேனாவும் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் எவேலியோ நெரெய்தா வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு பேர் முகமும் தூங்கி வழிந்தது.

"தலை வெடிக்குது, தோழர். பழசு ஏதாவது மிச்சம் இருந்தா ஒரு வாய் காப்பி..."

நெரெய்தா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நேற்றைய ரொபுஸ்தோவை எடுத்து, ஒரே வெட்டாக வெட்டி, சுழற்றிச் சுழற்றிப் பற்றவைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

அவர் இழுத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுத்த வீடு ரேஷன் கடைக்காரருடையது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கடைக்காரர் தலை தெரிந்தது. எழுதிக் கொடுத்ததை இப்போது இல்லையென்று சொன்னால் வேலை என்ன ஆவது? எவேலியோ கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று சொன்னார்.

"பிரமாதம்! சர்க்கரைகூட அளவா இருக்கு."

நெரெய்தா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். அடுத்த மாதம் சர்க்கரையும் வரவில்லை.